ஜெய்ப்பூர் காம்போசிட் டிக்கெட்: மாலையில் வாங்காதீர்கள்

போன ஜனவரியில் ஹவா மஹல் டிக்கெட் கவுன்டர் வரிசையில் நின்றிருந்தேன். நான்கு மணி ஆக ஐந்து நிமிடம். எனக்கு முன்னால் ஒரு இளைஞர், கழுத்தில் டூர் அட்டை, கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுக் கட்டு. பின்னால் நம்ம ஊர்க்காரர்கள் முப்பது பேர், பஸ் பயணத்தில் கசங்கிப்போய் நிழல் தேடி நின்றார்கள்.

“தம்பி, எப்ப வந்தீங்க?”

“இப்பத்தாண்ணே. ஆக்ராவிலேருந்து நேரா வர்றோம்.”

“எப்ப கிளம்புறீங்க?”

“நாளன்னிக்குச் சாயங்காலம் ரயில்.”

“அப்ப பல இடத்துக்கும் சேர்த்துக் குடுக்கிற காம்போசிட் டிக்கெட்டை இன்னிக்கு வாங்காதீங்க. இன்னிக்கு இது ஒண்ணுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்க.”

“நாளைக்குக் கூட்டம் அதிகமா இருக்கும்னு சொன்னாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு முப்பத்தொன்றும் வாங்கிவிட்டார். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. அதே வாசலில், ஏறக்குறைய அதே நேரத்தில், அதே தவறை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடையாள அட்டை கொண்டுபோங்கள், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

முதலில், இது என்ன டிக்கெட்?

ராஜஸ்தான் அரசின் தொல்லியல், அருங்காட்சியகத் துறை தன் பொறுப்பில் உள்ள ஜெய்ப்பூர் இடங்களைச் சேர்த்து ஒரே டிக்கெட்டாகக் கொடுக்கிறது. ஆமேர் கோட்டை, ஜந்தர் மந்தர் வானியல் கூடம், ஹவா மஹல், ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகம், நாஹர்கர் கோட்டை, திரிபோலியா பஜாரில் உள்ள ஈசர்லாட் கோபுரம், ஆக்ரா சாலைப் பக்கம் உள்ள சிசோதியா ராணித் தோட்டம், வித்யாதர் தோட்டம் என எட்டு இடங்கள். இரண்டு நாள் செல்லும். ஓர் இடத்துக்குள் ஒருமுறைதான் போகலாம்.

நான் வருடக்கணக்கில் வாங்கியது இந்தியர்களுக்கு 300 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1000 ரூபாய் என்ற கட்டணத்தில். கட்டணம் மாறக்கூடியது, கவுன்டர் பலகையில் உள்ளதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மாலையில் வாங்குவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் என்றதும் 48 மணி நேரம் என்று மனது தானாக நினைத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. வாங்கிய நாளே முதல் நாள். மாலை நான்கு மணிக்கு வாங்கினாலும் அந்த நாள் முழுசாகக் கழிந்துவிடும். ஹவா மஹல் ஐந்து மணிவாக்கில் மூடிவிடுவார்கள். அதாவது, கையில் மிஞ்சிய ஒரு மணி நேரத்துக்காக ஒரு முழு நாளைக் கொடுத்துவிடுகிறோம்.

2018 டிசம்பரில் மதுரைப் பக்கத்திலிருந்து 26 பேரைக் கூட்டிப் போயிருந்தேன். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், கூடவே இரண்டு பாட்டிமார். ஆக்ராவில் காலையில் கிளம்பி, வழியில் பதேபூர் சிக்ரியில் இறங்கிப் பார்த்துவிட்டு, ஜெய்ப்பூர் வந்தபோது மூன்றரை தாண்டிவிட்டது. வந்த அன்றே ஏதாவது காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஹவா மஹலுக்கு ஓடினோம். கவுன்டரில் இருந்தவர் காம்போசிட்டா என்று கேட்டார், ஆமாம் என்றேன். 7,800 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிக்கெட்டைக் கொடுத்து, “இது ஒண்ணு போதும், ஊர் முழுக்கச் சுத்தலாம், தொலைச்சிடாதீங்க” என்று சொன்னேன்.

இரண்டாம் நாள் ஆமேர். காலையில் போய், வெளியே வரும்போது மதியம் ஆகிவிட்டது. வயதானவர்களோடு போனால் அப்படித்தான் ஆகும், ஆகவும் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜந்தர் மந்தர். அதோடு அன்றைய பொழுது முடிந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஜீப் பிடித்து நாஹர்கர் மலை ஏறினோம். வாசலில் இருந்த காவலர் முதல் டிக்கெட்டை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். தேதி அச்சாகியிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து என் பக்கம் காட்டினார். “யே பர்சோ கா ஹை” என்றார். முந்தாநாள் டிக்கெட். அதற்குள் ஒரு பாட்டி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நாலாக மடித்து வைத்திருந்த டிக்கெட்டைப் பிரித்து நீட்டினார். ஒரு மடிப்புக்கூடக் கிழியாமல் வைத்திருந்தார். “தொலைக்கலை தம்பி, இந்தா இருக்கு” என்றார். அந்தக் குரல் இன்னமும் என் காதில் இருக்கிறது.

நாஹர்கருக்குத் தலைக்கு 50, அதே நாள் ஆல்பர்ட் ஹாலுக்குத் தலைக்கு 40. 26 பேருக்கு மறுபடியும் 2,340 ரூபாய். தவறு என்னுடையது என்பதால் நானே கட்டினேன்.

இரவு ஓட்டலில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். அப்போதைய தனிக் கட்டணம் ஆமேருக்கு 100, ஜந்தர் மந்தருக்கு 50, ஹவா மஹலுக்கு 50. மற்ற இரண்டையும் சேர்த்தால் ஐந்து இடத்துக்கும் தலைக்கு 290. காம்போசிட்டையே தொடாமல் தனித்தனியாக வாங்கியிருந்தால் 7,540 ரூபாயில் முடிந்திருக்கும். நான் செலவழித்தது 10,140. சேமிக்க வாங்கிய டிக்கெட்டால் 2,600 ரூபாய் கூடுதல்.

பணத்தைக்கூட விடுங்கள். மலை உச்சியில் குளிர்காற்றில் 26 பேரை நிறுத்திவைத்துவிட்டுப் புது டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேனே, அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு ஆறவில்லை. ஊரையே கண்ணுக்குக் கீழே விரித்துக் காட்டும் இடம் அது. அங்கே கழிய வேண்டிய நேரம் கவுன்டரில் கழிந்தது.

சரி, என்ன செய்யலாம்? வந்து சேரும் நாள் மதியத்தைத் தாண்டிவிட்டால் காம்போசிட்டைத் தொடாதீர்கள். ஜோஹரி பஜாரில் நடங்கள், ஹவா மஹல் முகப்பைத் தெருவிலிருந்து பாருங்கள். அதற்குக் காசே கிடையாது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆமேர் திறக்கும்போது அங்கேயே வாங்குங்கள். படி ஏறுவதற்கு முன் ஜலேப் சௌக் என்ற பெரிய முற்றம் வரும், கவுன்டர் அங்கேதான். அப்போது இரண்டு முழு நாள் கையில் இருக்கும்.

இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது

முதல் நாள் வடக்குப் பக்கம்: காலையில் ஆமேர், மதியத்துக்குப் பிறகு நாஹர்கர். இரண்டாம் நாள் பழைய நகரச் சுவருக்குள்: ஹவா மஹல், ஜந்தர் மந்தர், ஈசர்லாட், கடைசியில் சுவருக்கு வெளியே ஆல்பர்ட் ஹால்.

ஹவா மஹல் கிழக்கே பார்த்தது. 953 சாளரங்கள் என்று சொல்லும் அந்த முகப்பில் காலை வெயில் விழும்போதுதான் கல்லின் நிறம் எழும்பும். மாலையில் போகிறவர்கள் பார்ப்பது நிழலில் இருக்கும் சுவரைத்தான்.

இந்தியர்களுக்கு இது எப்போதும் லாபம் என்று நினைப்பது

மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். ஐந்து இடத்துக்குத் தனித்தனியாக 290, சேர்த்து வாங்கினால் 300. அந்தக் கட்டணத்தில், ஆறாவது இடத்துக்குப் போனால்தான் இந்தியருக்கு ரூபாய்க் கணக்கில் லாபம். மூன்று இடத்தோடு நிறுத்துகிற குடும்பம் வாங்கவே வேண்டாம். அப்படியானால் நான் ஏன் இன்னமும் வாங்குகிறேன் என்றால், வரிசைக்காக. 26 பேருக்கு ஐந்து கவுன்டரில் நிற்பதற்குப் பதில் ஒரே கவுன்டரில் நிற்கலாம். டிசம்பர் விடுமுறையில் அது பெரிய விஷயம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அதே காலத்தில் அவர்களுக்கு ஆமேர் மட்டும் 500, ஜந்தர் மந்தரும் ஹவா மஹலும் தலா 200. அதோடு ஆல்பர்ட் ஹால் அல்லது நாஹர்கர் சேர்ந்தாலே காம்போசிட்டுக்கு மேல் போய்விடும். கனடாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த சித்தப்பா குடும்பமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து போனால், அவர்களுக்கு காம்போசிட், நமக்குத் தனி டிக்கெட் என்று பிரித்து வாங்குவதுதான் பல சமயம் சரியாக வரும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு வராமல் கையிலேயே வைத்திருந்து, பணம் கொடுப்பதற்கு முன்பே கவுன்டரில் காட்டி, எந்தக் கட்டணம் என்று கேளுங்கள்.

சிட்டி பேலஸும் இதில் சேர்த்தி என்று நினைப்பது

சேர்த்தி இல்லை. ஜெய்கர் கோட்டையும் இல்லை.

காரணம் தெரிந்தால் மறக்காது. காம்போசிட் டிக்கெட் ஊரின் புகழ்பெற்ற இடங்களின் பட்டியல் அல்ல, அரசுத் துறையின் கையில் உள்ள இடங்களின் பட்டியல். சிட்டி பேலஸ் அரச குடும்பத்தின் அறக்கட்டளையிடம் இருக்கிறது, ஜெய்கரும் இன்னோர் அறக்கட்டளையிடம். ஜந்தர் மந்தரிலிருந்து வெளியே வந்தால் எட்டி நடக்கிற தூரத்தில் சிட்டி பேலஸ் வாசல். அதனால் எல்லோரும் அதே டிக்கெட்டை நீட்டுகிறார்கள். ஆமேரிலிருந்து ஜெய்கருக்குச் சுரங்கப்பாதை உண்டு. அது திறந்திருக்கும் நாளில் நடந்து, ஏறி, மூச்சு வாங்க மேலே போய் நின்றால் அங்கே தனி டிக்கெட் கேட்பார்கள். முட்டி வலிக்காரர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிட்டி பேலஸுக்குத் தனியாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக லண்டன் போன இரண்டாம் மாதோ சிங் மன்னர், கங்கைத் தண்ணீரை ஊற்றிக் கொண்டுபோன வெள்ளிக் குடங்கள் அங்கே இருக்கின்றன. ஆள் உயரத்துக்கு நிற்கும் குடங்கள். குடும்பத்தோடு போனால் அதற்கான பணத்தையும் முதலிலேயே எடுத்துவையுங்கள், அவ்வளவுதான்.

ஏரிக்கு நடுவில் நிற்கும் ஜல் மஹலுக்கு டிக்கெட் தேடாதீர்கள். கரையிலிருந்து பார்ப்பதுதான்.

இரவுக் காட்சி

இரவில் உள்ளே போய்ப் பார்க்க வேறு டிக்கெட். ஒலி ஒளிக் காட்சியும் அப்படியே.

நாஹர்கருக்குள் இருக்கும் மெழுகுச் சிலைக் கூடம்

அதுவும் வேறு.

டிக்கெட்டை டிரைவரிடமோ வழிகாட்டியிடமோ கொடுத்துவைப்பது

வேண்டாம்.

மாணவர் அட்டை

மாணவர் கட்டணம் பெரியவர் கட்டணத்தில் சிறு பங்குதான். ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும். கல்லூரி அட்டையை விடுதியில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளுக்காக எத்தனை முறை முழுக் கட்டணம் கட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. பயணத்துக்கு முந்தைய நாள் ஒவ்வொருவரையும் கேளுங்கள், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இலவச நாளில் வாங்குவது

ஏப்ரல் 18 உலக பாரம்பரிய நாள், மே 18 அருங்காட்சியக நாள், செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள். இந்த நாட்களில் அரசு இடங்களுக்கு இலவச அனுமதி கொடுப்பது வழக்கம். இரண்டு நாள் பயணத்தில் ஒரு நாள் இப்படி விழுந்தால், மற்ற நாளுக்குத் தனி டிக்கெட் போதும். கூட்டம் நெரியும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எட்டையும் பார்த்தே தீருவது

காசு கொடுத்துவிட்டோமே என்று எட்டு இடத்தையும் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். இரண்டு தோட்டங்களும் ஊருக்கு வெளியே, ஆக்ரா சாலைப் பக்கம். அந்த வழியாகப் போகிற வேலை இருந்தால் இறங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம். ஈசர்லாட்டை மட்டும் விடாதீர்கள். 1749-இல் ஈஸ்வரி சிங் கட்டிய ஏழு அடுக்குக் கோபுரம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அதன் அடிவாரத்தில் வளையல் பேரம் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலே ஏறினால் 1727-இல் இரண்டாம் ஜெய்சிங் நேர்கோட்டில் போட்ட தெருக்கள் எப்படி ஓடுகின்றன என்பது அப்படியே தெரியும்.

ஜந்தர் மந்தருக்கு மேகமூட்டத்தில் போவது

அங்கே இருப்பவை பெரும்பாலும் வெயிலில் வேலை செய்யும் கருவிகள். இரண்டு நாள் கையில் இருக்கிறது என்பதால் வானத்தைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள், காம்போசிட்டில் அந்த வசதி உண்டு. கட்டாயம் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கான கட்டணம் தனி. சாம்ராட் யந்திரம் என்ற 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரத்தின் நிழல் விழும் பளிங்கு வளைவுக்குப் பக்கத்தில் குனிந்து நில்லுங்கள். நிழலின் ஓரத்தில் விரலை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்ந்து, விரலைத் தாண்டி நான்கு விரற்கடை தள்ளிப் போயிருக்கும். சுருக்குப்பைப் பாட்டி அந்த வளைவுக்குப் பக்கத்திலிருந்து நகரவே மாட்டேன் என்று விட்டார். மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தார்.