அழகர் ஆற்றில் இறங்கும் விடியலைப் படமெடுக்க

சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகைக்குள் இறங்கும்போது மதுரையில் இன்னும் சரியாக விடிந்திருக்காது. சூரியன் எழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான், தங்கக்குதிரை ஆற்றுக்குள் வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். (நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அழைப்பிதழைப் பாருங்கள்.) எனவே கேமராவை விளக்கு வெளிச்சத்துக்குத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 3200, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 2.8, ஷட்டர் 1/250 நொடி என்று தொடங்கலாம். சுவாமியைத் தூக்கி வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளில் குதிரை குலுங்கிக்கொண்டே வரும். 1/125-க்குக் கீழே போனால் சுவாமி முகம் கலங்கிவிடும். அடுத்த தொல்லை எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்இடி நொடிக்கு 100 முறை மினுங்கும். சத்தம் வராமலிருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அப்படியும் பட்டை தெரிந்தால் 1/100-க்கு இறங்கி, தூக்கி வருகிறவர்கள் நிற்கிற நொடிக்குக் காத்திருங்கள்.

சுற்றிலும் இருட்டு, நடுவில் தங்கம். கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், குதிரை வெள்ளையாக வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதைத்தான் ஊரே முதலில் கேட்கும். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. அந்த நிறம் படத்தில் பிசகினால் செய்தியே பிசகியது போலத்தான். நிறத்தைப் பிறகு திருத்த வசதியான ரா ஃபைலில் எடுங்கள். அதே விளக்கின் கீழ் யாராவது ஒருவரின் வெள்ளை வேட்டியையும் ஒரு ஃபிரேம் எடுத்துக்கொண்டால், பிறகு நிறம் திருத்த அதுவே அளவுகோல்.

ஆற்றுக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். மணலும் தண்ணீரும் சென்சாரில் போய் உட்காரும். அருகிலுள்ளதற்கு 24-70 மி.மீ. லென்ஸ் ஒன்றிலும் தொலைவுக்கு 70-200 ஒன்றிலுமாக இரண்டு கேமரா இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் 24-70 போதும். டிரைபாட் வேண்டாம், கூட்டத்தில் அது அடுத்தவர் காலை இடறிவிடும். 2022-இல் ஆற்றுக்குள் ஏற்பட்ட நெரிசலில் இருவர் இறந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அழகர் நகர்ந்ததும் கூட்டம் மொத்தமும் திரும்பும், அதை எதிர்த்து நடக்காமல் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள்.

உண்மையில், பத்திரிகையாளர் மேடையிலிருந்து எடுக்கும் சுவாமி படம் எல்லோரிடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதுகைச் சுவாமிக்குக் காட்டித் திரும்பினால்தான் திருவிழா தெரியும் (அழகர் கோபித்துக்கொள்ள மாட்டார்). சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் ஏற்றிக் காத்திருக்கும் பெண்கள், மொட்டையடித்த குழந்தைகள், கருப்பசாமி வேடத்தில் சல்லடமும் தலைப்பாகையுமாக வருகிறவர்கள், நீர்மோர்ப் பந்தல். சூடம் சீக்கிரம் அணைந்துவிடும், அதனால் ஏற்றும் முன்பே பக்கவாட்டில் உட்கார்ந்து ஃபோகஸ் செய்து வையுங்கள். முகத்துக்கு வெளிச்ச அளவு பாருங்கள், சுடர் வெளுத்தால் வெளுக்கட்டும். ஃபிளாஷ் போட்டால் அந்தச் சிவந்த ஒளியே போய்விடும்.

எடுக்கும் முன் "அக்கா, ஒரு படம் எடுத்துக்கிடவா?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. குழந்தை என்றால் பெற்றவர்களைக் கேளுங்கள். அருள் வந்து ஆடுகிறவருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அவரைப் பிடித்துக்கொண்டு கூட ஒருவர் வருவார், அவர் கண்ணசைவைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். நனைந்த சேலையில் கரையேறும் பெண்களைப் படமெடுப்பதை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு நெரிசல் ஒத்துவராது என்றால் முதல் நாள் மூன்றுமாவடிக்குப் போங்கள். அங்கே எதிர்சேவை, அதாவது மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பது. அதன்பின் அழகர் புதூர் வழியாகத் தல்லாகுளம் வரை மண்டகப்படிகளில் (சுவாமியை நிறுத்திப் பூசை செய்யும் இடங்கள்) நின்று நின்று வருவதால் பதற்றமில்லாமல் எடுக்கலாம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் படமெடுக்கலாம் என்று மட்டும் கணக்குப் போட்டுவிடாதீர்கள். 2018 முதல் செல்போனுக்கே அனுமதியில்லை.

படத்துக்கு எழுதும் குறிப்பில்தான் தவறு அதிகம் நடக்கிறது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அழகர், முடிந்துவிட்டது என்று கோபித்துத் திரும்புகிறார் என்பது மக்கள் வழங்கும் கதை. மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தர வருகிறார் என்பது கோயில் மரபு. எதை எழுதினாலும் அது எந்தத் தரப்புக் கதை என்று சொல்லி எழுதுங்கள். தல்லாகுளத்தில் அழகர் சூடிக்கொள்ளும் ஆண்டாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவது.

ஆற்றில் செல்போன் சிக்னல் திணறும். மூன்று படங்களை மட்டும் சிறிதாக்கி, கூட்டத்தை விட்டு வெளியே வந்து அனுப்புங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கியதோடு பலர் கேமராவின் மழைக்கவரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்கள். அன்றைய பெரிய தண்ணீர் அதற்குப் பிறகுதான். ராமராயர் மண்டபத்துத் தீர்த்தவாரியில் (அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சும் சடங்கு) தோல்பைகளிலிருந்து தண்ணீர் எல்லாப் பக்கமும் பாயும். தடித்த பாலிதீன் உறையில் லென்ஸ் ஹூட் அளவுக்கு மட்டும் துளை வெட்டி, இரண்டு ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். கண்ணாடியில் துளி விழுந்தால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், ஒட்டியிருக்கும் ஆற்றுமணல் கீறிவிடும்; குடிதண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் மெல்ல ஒற்றி எடுத்த பிறகே லென்ஸ் துணி.