முதல் சவரக்கத்தி: அலகைப் பார்த்து வாங்குவது எப்படி?

சலூனில் அண்ணன் ஒரு பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்திக்குள் செருகுவாரே, இது அந்தக் கத்தியைப் பற்றியதல்ல. அதில் பிடி எப்படி இருந்தாலும் முகத்தில் படுவது அதே பாதி பிளேடுதான். பிளேடே மாற்றாமல், தீட்டித் தீட்டியே வருஷக்கணக்கில் ஓட்டும் பழைய பாணி சவரக்கத்தியைத்தான் சொல்கிறேன். இதில் அலகின் வடிவம் மாறினால் சவரமே மாறிவிடும். அது தெரியாமல் அழகு பார்த்து ஒன்று வாங்கி, காதில் ரத்தம் பார்த்தவன் நான்.

படி 1: அகலத்தை முடிவு செய்யுங்கள்

அலகின் தடித்த முதுகிலிருந்து வெட்டும் கூர் வரைக்கும் உள்ள அளவுதான் அகலம். அங்குலத்தை எட்டாகப் பிரித்து 4/8, 5/8, 6/8, 7/8 என்று சொல்வார்கள். 5/8 என்றால் கிட்டத்தட்ட 16 மி.மீ., 6/8 என்றால் 19 மி.மீ.

4/8 கத்தி மூக்குக்குக் கீழே லாவகமாகத் திரும்பும். ஆனால் நாலு இழுப்பிலேயே நுரை முதுகு வரை ஏறிவிடும், அடிக்கடி கழுவ வேண்டும். 7/8 நிறைய நுரையைத் தாங்கும், தன் எடையாலேயே இறங்கும். அதை வைத்துக்கொண்டு மேலுதட்டுப் பக்கம் போனால்தான் சிரமம். கூர் எங்கே இருக்கிறது என்பதை அலகே மறைத்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் 5/8 அல்லது 6/8 வாங்குங்கள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

படி 2: குழிவைப் பாருங்கள்

உண்மையில் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. கத்தியின் நுனியைக் கண்ணுக்கு நேராகத் திருப்பி, முதுகு மேலே இருக்கும்படி வெளிச்சத்தில் பிடியுங்கள். அலகின் குறுக்குவெட்டு தெரியும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய நேராகச் சரிந்து, மரம் பிளக்கும் ஆப்பு மாதிரி இருந்தால் அது ஆப்பு அலகு. பக்கங்கள் உள்வாங்கியிருந்தால் குழிவு அலகு. கொஞ்சம் வாங்கியிருந்தால் கால் குழிவு, இன்னும் வாங்கியிருந்தால் அரைக் குழிவு, கூருக்குப் பக்கத்தில் காகிதம் போல மெலிந்திருந்தால் முழுக் குழிவு.

ஆப்பு அலகு வளையாது. முரட்டுத் தாடியிலும் தயங்காமல் போகும். ஆனால் வாய் திறக்காது. சரியாக வெட்டுகிறதா, சும்மா வழுக்குகிறதா என்று கைக்குத் தெரியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய கத்திகளில் இந்தக் கனத்த ரகம் நிறைய. சாணைக்கல்லில் வைத்தால் தேய்க்க வேண்டிய இரும்பும் அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும்.

முழுக் குழிவு இதற்கு நேர் எதிர். ஒவ்வொரு முடியும் அறுபடும்போது ‘சர்ர்... சர்ர்’ என்று சத்தம் கேட்கும். பாடும் கத்தி என்று இதைச் சொல்வது சும்மா இல்லை. மெல்லிய அலகு அதிர்வதால் வரும் சத்தம் அது. கோணம் சரியாக இருந்தால் சத்தம் சீராக வரும். தப்பினால் சத்தம் மாறும், அல்லது அலகு தத்தித் தத்திப் போகும். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் அழுத்தினால் மன்னிக்காது. தோலை இழுத்துப் பிடிக்காமல் விட்டால் மெல்லிய கூர் துள்ளும், கீறும்.

அரைக் குழிவு இரண்டுக்கும் நடுவே. தாடி ரொம்ப முரடு என்றால் அரைக் குழிவு, மற்றவர்களுக்கு முழுக் குழிவு என்பது என் கணக்கு. ஆப்பு அலகை இரண்டாவது கத்தியாக வைத்துக்கொள்ளலாம்.

குழிவுக் கத்திக்குப் பேர் போன ஊர் ஜெர்மனியின் சோலிங்கன். அந்தப் பெயரை 1938 முதல் அங்கே சட்டம் போட்டுக் காக்கிறார்கள். பிரான்சில் தியேர் ஊரும் சவரக்கத்திக்குப் பேர் போனதுதான்.

படி 3: நுனி

சவரத்தின் மென்மைக்கும் நுனிக்கும் சம்பந்தம் இல்லை. காதுக்குத்தான் சம்பந்தம். நான் முதலில் வாங்கியது சதுர நுனி, மூலை ஊசி மாதிரி இருக்கும். கிருதாவை நேராக வெட்ட ஜோர். மூன்றாம் நாள் கன்னத்தில் இறக்கும்போது கண் கூரின் நடுவிலேயே இருந்தது. மூலை காது மடலைத் தொட்டதைப் பார்க்கவில்லை. எரிச்சல்கூட இல்லை, நுரை சிவந்த பிறகுதான் தெரிந்தது. வட்ட நுனி வாங்குங்கள்.

படி 4: கூரின் கோடு

கூர் நேராக இருக்கலாம், அல்லது சிரிக்கிற வாய் மாதிரி லேசாக வளைந்திருக்கலாம். வளைந்த கூர் ஒரு நேரத்தில் தோலில் கொஞ்ச இடத்தை மட்டுமே தொடும். தாடைக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கு நல்லது. சாணை பிடிக்கும்போது கத்தியை உருட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதால் புதியவருக்குத் தலைவலி. நடுவில் உள்வாங்கிய கூர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது கண்டபடி தீட்டித் தேய்ந்த கத்தி. பழைய கத்தி வாங்கும்போது ஒரு ஸ்கேலின் ஓரத்துக்கு இணையாக, தொடாமல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 5: முகத்தில் வைக்கும் முன் தோல்வார்

தோல்வார் என்பது கத்தியை இழுத்துத் தீட்டும் தோல் பட்டை. முதுகும் கூரும் அதில் ஒன்றாகப் படிய வேண்டும். முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர வேண்டும். முனையில் திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். கூரின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. வாரைத் தொய்ய விடாதீர்கள், கூர் மழுங்கும். முழுக் குழிவுக்குக் கத்தியின் எடையே போதும், அழுத்தினால் அலகு வளைந்துகொடுக்கும். முப்பது, நாற்பது தடவை போதும்.

படி 6: முதல் சவரம்

வெந்நீரில் முகம் கழுவி, நுரையைக் கெட்டியாகப் பூசுங்கள். கத்தியைக் கன்னத்தில் படுக்க வைத்து, முதுகைச் சுமார் 30 பாகை உயர்த்துங்கள். மற்ற கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக இறக்குங்கள். கூர் நிற்கும்போது பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது. வெட்டு விழுவது அப்படித்தான்.

முதல் வாரம் இரண்டு கன்னம் மட்டும். மீதியை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. கழுத்துக்கு இரண்டாம் வாரம் போகலாம். மோவாய் கடைசி.

முடிந்ததும் அலகைத் துடைத்தால் மட்டும் போதாது. பிடியும் அலகும் சேரும் ஆணிக்குள் தண்ணீர் தங்கும், துரு அங்கேதான் பிடிக்க ஆரம்பிக்கும். ஒரு டிஷ்யூ காகிதத்தை முறுக்கி அந்த இடுக்கில் விட்டு எடுங்கள். கத்தியைக் குளியலறையில் வைக்காமல் பீரோவில் வையுங்கள்.