மேசைப் பூவின் உயரத்தைக் குறைத்த கதை: என் அனுபவம்

மார்த்தாண்டத்தில் நடந்த என் தங்கை மகளின் திருமண வரவேற்புக்கு, மேசைப் பூ அலங்காரம் என் பொறுப்பில் விடப்பட்டது. மொத்தம் 20 வட்ட மேசைகள். ஓணத்துக்கு நான்கு நாட்களே இருந்ததால், கேரளத்துக்குப் பூ ஏற்றும் தோவாளைச் சந்தையில் எல்லாப் பூவும் விலையேறிக் கிடந்தது.

அலங்காரக்காரர் கொண்டுவந்த மாதிரி, 2 அடி உயரக் கண்ணாடிக் குடுவையில் சம்பங்கியும் சிவப்பு அரளியும் செருகியதாக இருந்தது. அதை மேசையில் வைத்து அமர்ந்து பார்த்தபோது, எதிரே இருந்த என் அக்காவின் முகமே எனக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, சம்பங்கியின் வாசம் சாப்பாட்டின் மணத்தை அமுக்கியது. அரளியோ நச்சுச் செடி. 2024-ஆம் ஆண்டு, கேரளக் கோவில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அதை விலக்கிய பிறகு, குழந்தைகள் கைநீட்டும் மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, ஒரு சாண் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்து, வெண்கல உருளிகளை வாடகைக்கு எடுத்தோம். வாழைத்தண்டை நான்கு விரல் கனத்துக்கு நறுக்கி உருளியின் நடுவில் நிறுத்தி, வாடாமல்லியையும் கேந்தியையும் (செண்டுமல்லி) ஈர்க்கில் துண்டுகளில் கோத்து அதில் செருகி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றித் துளசியை மிதக்கவிட்டோம். கேந்தியை மட்டும் அன்று விடியற்காலையில் வாங்கினோம். வாடாமல்லி, பெயருக்கேற்ப, முந்தைய நாள் வாங்கியதே நிறம் மாறாமல் நின்றது. (மணப்பெண் பிடிவாதம் பிடித்ததால் அவள் மேசையில் மட்டும் ஆறு ரோஜாக்களை வைத்தோம், பந்தி முடிவதற்குள் அவை தலைசாய்ந்துவிட்டன.)