பால் பல்தானே என்று விடாதீர்கள்

பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடாதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும். பாலின் சர்க்கரை மேல் முன்பற்களிலேயே தேங்கி, கிருமிகள் அமிலம் சுரக்க வழி செய்யும். அவ்வப்போது மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெண்மை தெரிந்தால், அதுதான் சொத்தையின் தொடக்கம். அப்போதே பல் மருத்துவரிடம் காட்டினால், துளை விழாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

முதல் பல் முளைத்ததுமே அரிசி மணி அளவு ஃபுளோரைடு (சொத்தையைத் தடுக்கும் தாது) பற்பசை. 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு. கடைவாய்ப் பால் பற்கள் விழ 10 முதல் 12 வயது ஆகும். அத்தனை ஆண்டுகள் பிள்ளை வலியோடு மெல்ல வேண்டுமா?

பெரியவர்களுக்கும் ஒன்று: இரவில் பல் துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ஃபுளோரைடு பல்லில் தங்கட்டும்.