உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் போதுமா, பழைய கார்டு வாங்கலாமா? நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பிசி, கேம் ஓட்டினால் திணறுகிறது. யாரிடம் கேட்டாலும் "பழைய கார்டு ஒன்று வாங்கிப் போடு" என்பார்கள். சில பேருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பல பழைய கார்டுகள், இன்றைய பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸைவிட மெதுவானவை. அதனால் காசை எடுப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி பிராசஸரை எடுத்துக்கொள்கிறேன், பட்ஜெட் பிசி கட்டியவர்கள் நிறைய பேரிடம் இருப்பது அதுதான்.

படி 1: உங்களிடம் இருப்பது என்ன?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் பிராசஸர் பெயரும் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரும் தெரியும். 5600ஜி என்றால் வெறுமனே ரேடியான் கிராஃபிக்ஸ் என்று காட்டும், உள்ளே இருப்பது வேகா 7. இன்டெல் ஐ5-10400 என்றால் யுஎச்டி 630, ஐ5-12400 என்றால் யுஎச்டி 730. இந்த இரண்டு யுஎச்டியும் கேமுக்கு ரொம்ப பலவீனம், சுமாரான பழைய கார்டே இவற்றைத் தாண்டிவிடும். 12400எஃப் மாதிரி இன்டெல் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது, கார்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

படி 2: ரேமைப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது, ஆனால் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. பிராசஸர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது, ஒரே தெருக்குழாயில் இரண்டு வீட்டார் தண்ணீர் பிடிப்பது மாதிரி. குழாய் சிறியதாக இருந்தால் இரண்டு பேருக்கும் தட்டுப்பாடுதான்.

கணக்கு எளிது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று ஒரு தடவைக்கு 8 பைட் அனுப்பும். 8 பைட்டை நொடிக்கு 3200 மில்லியன் தடவையோடு பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ரேம் போட்டால் டூயல் சேனல், 51.2 ஜிபி. இதற்குப் பக்கத்தில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டை வைத்துப் பாருங்கள், அதற்கென்று தனியாகவே நொடிக்கு 112 ஜிபி இருக்கிறது. ஆர்எக்ஸ் 580-க்கு 256.

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகம் என்று காட்டும். ஒரே ஒரு ரேம்தான் இருக்கிறதென்றால் கார்டைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு, அதே அளவில் அதே வேகத்தில் இன்னொரு ரேம் வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடவேண்டும், போர்டின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் 3200 இருக்கவேண்டிய இடத்தில் 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸுக்குள் (பிசி ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு, ஆன் செய்யப்படவில்லை என்று அர்த்தம். சில போர்டுகளில் இதன் பெயர் டிஓசிபி.

பயாஸில் இருக்கும்போதே யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்று ஒன்றைத் தேடுங்கள், உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்குவது என்பதைச் சொல்லும் இடம் அது. மொத்தம் 16 ஜிபி ரேம் இருந்தால் அதை 2 ஜிபியில் வையுங்கள். ஒதுக்கிய அளவைத் தாண்டியும் கிராஃபிக்ஸ் ரேமை எடுத்துக்கொள்ளும் என்றாலும், சில கேம்கள் ஒதுக்கிய அளவை மட்டும் பார்த்து முரண்டு பிடிக்கும்.

படி 3: இப்போது அளந்துகொள்ளுங்கள்

கேம் ஓடும்போதே இந்த எண்களைத் திரையில் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள் இலவசம், கூடவே வரும் ரிவாடியூனரையும் நிறுவுங்கள். உங்கள் கேமை 1080பி, லோ செட்டிங்கில் ஓட்டி சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்), 1 சதவீத லோ (மிக மெதுவான 1 சதவீதப் படங்களின் எஃப்பிஎஸ்), ஜிபியு பயன்பாடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிடிஏ 5 மாதிரி உள்ளேயே பெஞ்ச்மார்க் இருக்கும் கேம் என்றால் இன்னும் நல்லது, ஒவ்வொரு தடவையும் ஒரே காட்சிதான் ஓடும்.

ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா? அப்படியானால் கிராஃபிக்ஸ்தான் தடை, கார்டு போட்டால் பலன் தெரியும். எஃப்பிஎஸ் எண்ணுக்கு வரம்பு எதுவும் வைக்காமலேயே ஜிபியு பயன்பாடு 60 சதவீதத்தில் தொங்கிக்கொண்டு கேம் விக்கினால் பிரச்சினை பிராசஸரில் அல்லது ரேமில். எந்தக் கார்டு வாங்கினாலும் அந்த விக்கல் போகாது.

படி 4: பழைய கார்டு எந்த இடத்தில் நிற்கிறது?

ஜிடி 710, ஜிடி 730 இரண்டும் சும்மா கொடுத்தாலும் கேமுக்கு வேண்டாம். ஜிடி 1030-ல் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கிறது: 2017-ல் வந்த ஜிடிடிஆர்5 கார்டுக்கு நொடிக்கு 48 ஜிபி, அடுத்த வருடம் அதே பெயரில் வந்த டிடிஆர்4 கார்டுக்கு 16.8 மட்டும். முதலாவது வேகா 7 பக்கத்தில் நிற்கும், இரண்டாவது எங்கேயோ பின்னால். பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான், வாங்குகிறவர்தான் பார்த்து வாங்கவேண்டும்.

2014-ன் ஜிடிஎக்ஸ் 750 டிஐ வேகா 7-க்கு ஏறக்குறைய சமம், அதிலும் 2 ஜிபி மெமரிதான். யுஎச்டி 630 வைத்திருப்பவருக்கு இது பெரிய முன்னேற்றம், 5600ஜி வைத்திருப்பவருக்குத் தண்டச் செலவு. நல்ல வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது 1050 டிஐ 4 ஜிபியில். அதற்கு மேலே 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, அதற்கும் மேலே ஆர்எக்ஸ் 570, 580.

2024-ல் வந்த ரைசன் 7 8700ஜி வைத்திருந்தால் கணக்கே வேறு. அதிலிருக்கும் 780எம், நல்ல டிடிஆர்5 ரேம் இரண்டு போட்டால் 1050 டிஐயைத் தாண்டி 1650 பக்கத்தில் போய்விடும். அவர்கள் ஆர்எக்ஸ் 580-க்குக் கீழே எதையும் திரும்பிப் பார்க்கவேண்டாம்.

படி 5: பவரும் இடமும்

1050 டிஐக்கு 75 வாட், அது மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே கிடைத்துவிடும். ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) தனி 8 பின் கேபிள் வேண்டும். அந்தக் கேபிள் இல்லை என்று சாட்டா அடாப்டர் போடச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் மட்டும்தான் தாங்கும், அதற்கு மேல் இழுத்தால் உருகும். ஆபீஸிலிருந்து வந்த சின்ன டெஸ்க்டாப் என்றால் லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டுதான் உள்ளே நுழையும்.

படி 6: டிரைவர் இன்னும் வருகிறதா?

900, 1000 வரிசை கார்டுகளுக்கும் 750 டிஐக்கும் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். 1650 அடுத்த தலைமுறை என்பதால் இதில் மாட்டவில்லை. விலை கொஞ்சம்தான் கூடுதல் என்றால் 1050 டிஐயை விட்டுவிட்டு 1650 வாங்கச் சொல்வேன், காரணம் இதுதான். ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 500 வரிசையையும் வேகாவையும் 2023-லேயே தனி டிரைவருக்கு மாற்றிவிட்டது. 2024-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் மாதிரி ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரைவது) வன்பொருள் கட்டாயம் கேட்பவையும் வந்துவிட்டன, மேலே சொன்ன பழைய கார்டு எதிலும் அது கிடையாது. பழைய கேம்களும் வேலரன்ட் மாதிரியானவையும் போதும் என்றால் கவலை இல்லை.

படி 7: கையில் வாங்கிப் பார்க்கும்போது

1050 டிஐ என்று சொல்லித் தரும் கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தத் தலைமுறை சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது, பழைய கார்டில் பயாஸை மாற்றி ஏமாற்றுகிறார்கள். ஜிபியு-இசட் மென்பொருள் இப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். ஆர்எக்ஸ் 580-ல் 2304 ஷேடர் (சிப்பில் கணக்குப் போடும் சிறு அலகு) இருக்கவேண்டும், 2048 என்று காட்டினால் அது குறைக்கப்பட்ட வகை, விலையையும் குறைத்துக் கேளுங்கள். இவற்றில் பல எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை, அதனாலேயே கெட்டது என்று சொல்லமுடியாது, ஆனால் ஃபேன் ஆடுகிறதா, சத்தம் போடுகிறதா என்று பார்க்கவேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும் கால் மணி நேரமாவது கேம் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

படி 8: மாட்டிய பிறகு

பழைய டிரைவரை டிடியு (டிரைவரை முழுதாக நீக்கும் மென்பொருள்) மூலம் நீக்கி, பிசியை அணைத்துக் கார்டை மாட்டுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் விடாமல் கார்டில் செருகவேண்டும், இல்லாவிட்டால் எந்த முன்னேற்றமும் தெரியாது. புது டிரைவரைப் போட்டுவிட்டு, படி 3-ல் அளந்த அதே காட்சியை அதே செட்டிங்கில் ஓட்டி எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரியைவிட 1 சதவீத லோ எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை முக்கியமாகக் கவனியுங்கள், விளையாடும்போது கைக்குத் தெரிவது அதுதான். அப்புறம் பயாஸில் 2 ஜிபி ஒதுக்கியதை ஆட்டோவுக்கு மாற்றிவிடுங்கள், இனி அந்த ரேம் ஒதுங்கிக் கிடக்கத் தேவையில்லை.