பல்வலி நின்றுவிட்டதா? கவனம்!

சொத்தைப் பல் இரண்டு நாள் உயிரை வாங்கும். மாத்திரை, கிராம்புத் தைலம் என்று ஓட்டுவோம். பிறகு ஒருநாள் வலி போய்விடும். டாக்டரிடம் போகும் எண்ணமும் கூடவே போய்விடும். பல் விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு இல்லை.

பல்லின் நடுவே பல்ப் என்ற மென்மையான திசு இருக்கிறது. நரம்பும் ரத்தக் குழாய்களும் அதில்தான். கிருமி நுழைந்து அந்தத் திசு செத்துப்போனால் வலி நிற்கும், தொற்று நிற்காது. வேர் நுனி வழியாக எலும்புக்குப் போய்ச் சீழ் கட்டும். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டும் பயனில்லை. ரத்த ஓட்டமே இல்லாத பல்லுக்குள் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவும் சிரமமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்படிப்பட்ட பல்லைக் காப்பாற்றச் செய்யும் ரூட் கேனல் சிகிச்சை என்றால் வேரைப் பிடுங்குவது என்று பலர் பயப்படுகிறார்கள். வேர் அப்படியேதான் இருக்கும். அதற்குள் ஓடும் குழாயை ஃபைல் என்ற மெல்லிய கருவியால் சுத்தம் செய்து, கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள். சரி, வலி போயிற்று, பல்லைக் காக்க மேலே மாட்டும் உறையான கேப் எதற்கு, காசு பிடுங்கத்தானே என்று அதோடு நழுவிவிடுகிறவர்கள் உண்டு. சொத்தை அரித்தது போக மிஞ்சியிருப்பது மெலிந்த சுவர். கடைவாய்ப் பல்லாக இருந்தால் ஒரு முறுக்கே அதைப் பிளந்துவிடலாம். பிளவு வேர்வரை இறங்கினால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். ரூட் கேனலுக்குச் செய்த செலவும் வீண்.

ஸ்கேலிங், அதாவது கருவியால் பல்லைச் சுத்தம் செய்வது, செய்தால் பல் ஆடும் என்பதும் நம் ஊரில் அழியாத பேச்சு. அந்தக் கருவியின் முனை அதிர்ந்து, பல்லில் படிந்து கெட்டிப்பட்ட காரையைப் பெயர்க்கிறது, அவ்வளவுதான். ஈறு நோயால் எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது. அது போனதும் ஆட்டம் தெரிகிறது. ஈறில் ரத்தம் வருகிறதென்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதும் தவறுதான். அழுக்கு சேர்ந்து வீக்கம் கூடும். மென்மையான பிரஷ்ஷால் தொடர்ந்து தேயுங்கள்.

அப்புறம், அடிபட்டு முழுதாக விழுந்த நிரந்தரப் பல்லைத் துடைத்துக் காகிதத்தில் மடிக்காதீர்கள். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல்லை மட்டும் அப்படிப் பொருத்த மாட்டார்கள்.