கையெழுத்து போட்டது யார்?

பந்தலூர்ப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறு மாலை நான்கரைக்கு விவாதம் நடக்கும். ஆறரைக்கு முடித்தாக வேண்டும். அதற்கு மேல் யானை சாலைக்கு இறங்கிவிடும். சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான்தான் நடத்துகிறேன். "எங்க ஊர்ல ரெண்டாவது வாரமே கைகலப்பு, நீங்க எப்படி சமாளிக்கிறீங்க டீச்சர்?" என்று கூடலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டான். அவனுக்காக எழுதுகிறேன்.

முதலில் தலைப்பைச் சிறிதாக்குங்கள். நாங்கள் முதன்முதலில் வைத்த தலைப்பு 'வெளிநாட்டுத் தேயிலையைத் தடை செய்ய வேண்டும்'. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத மாதம் அது. கொழுந்து பறித்த கூலிகூடத் தேறாத கோபத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு போட்ட வணிக ஒப்பந்தத்துக்கு எதிராக 2009-இல் நடந்த மனிதச் சங்கிலியில் நின்ற சேட்டன் ஒருவர், "எல்லாம் அந்த ஆசியான் செய்த வேலை" என்றார். உடனே ஒரு பையன், "கென்யா டீ வருதே, அதுவும் ஆசியானா?" என்று கேட்டான். சேட்டன் முழித்தார். நானும்தான்.

அடுத்த வாரம் ஒரு வேலை செய்தேன். கரும்பலகையில் நாடுகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தத் தேயிலை எந்தக் காகிதத்தின் பேரில் உள்ளே வருகிறது என்று எழுதினோம். வியட்நாம் என்றால் ஆசியான் சரக்கு ஒப்பந்தம்: 2009 ஆகஸ்டில் கையெழுத்து, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறை, கறுப்புத் தேயிலைக்கு 100 சதவீத வரியைப் படிப்படியாக 45-க்குக் கொண்டுவருவது. இலங்கை என்றால் 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த தடையற்ற வணிக ஒப்பந்தம். வருடத்துக்கு ஒன்றரைக் கோடி கிலோ வரைக்கும்தான் சலுகை. நேபாளத்துக்குத் தனி வணிக உடன்படிக்கை, சுங்க வரியே கிடையாது. கென்யாவோடு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை, முழு வரிதான். ஆனால் மறு ஏற்றுமதிக்கென்று கொண்டுவந்தால் விலக்கு உண்டு. 'வெளிநாட்டுத் தேயிலை' என்று ஒரே மூச்சில் சொன்னதற்குப் பின்னால் நாலு காகிதம். புதுத் தலைப்பு, 'இலங்கைத் தேயிலைக்கான சலுகையை நிறுத்த வேண்டும்'. அன்றைக்குத்தான் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது.

இதிலிருந்துதான் எங்கள் முதல் விதி வந்தது. நல்லதா கெட்டதா என்று தொடங்கும் முன், 'இதில் கையெழுத்து போட்டது யார், போட அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது' என்று ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் கொடுப்போம். பாதிச் சண்டை இந்த மூன்று நிமிடத்திலேயே அடங்கிவிடும். "நாடாளுமன்றம் எப்படி ஒத்துக்கிச்சு?" என்று ஒருவர் கொதிப்பார். ஆசியான் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தில் ஒப்புதல் வாக்கெடுப்பு தேவைப்படவே இல்லை. நம் நாட்டில் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால்தான் நாடாளுமன்றம் வரும். அதற்கு அரசியல் சட்டப் பிரிவு 253. வரிக் குறைப்புக்கோ 1962-ஆம் வருட சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு போதும். பொதுநலன் கருதி என்று ஓர் அறிவிக்கை, அவ்வளவுதான். அப்புறம் அதை அவையின் மேசையில் வைப்பார்கள். இது சரியா என்பதுதான் பேச வேண்டிய விஷயம். தெரியாமல் கொதிப்பதில் தொண்டைதான் வலிக்கும்.

அவசரச் சட்டமும் இப்படித்தான். அவை கூடாத நேரத்தில் பிரிவு 123-இன்படி போடலாம். அவை கூடி ஆறு வாரத்துக்குள் சட்டமாகாவிட்டால் செத்துவிடும். பீகாரில் அதையே மறுபடி மறுபடி போட்டு வருடக்கணக்கில் ஓட்டியபோது, 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. 2020 ஜூனில் வேளாண் அவசரச் சட்டங்கள் வந்ததும், 2021 கடைசியில் அந்தச் சட்டங்கள் திரும்பிப் போனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பதால் உதாரணத்துக்கு வசதி.

திருப்பூரில் அண்ணன் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்கள் கூட்டத்தில் இருக்கிறாள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் டிரம்பைத் திட்டியே நேரம் போக்கப் பார்த்தாள். "கையெழுத்துக் கேள்வியைக் கேளும்மா" என்றேன். வீட்டுக்குப் போய்த் தேடிக்கொண்டு வந்தாள்: அந்த நாட்டு அரசியல் சட்டம் வரி போடும் அதிகாரத்தை அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான் கொடுத்திருக்கிறது; அதிபர் எடுத்துக்கொண்டது 1977-ஆம் வருட அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தை; அந்தச் சட்டத்தில் அவ்வளவு அதிகாரம் இல்லை என்று அங்கே ஒரு வணிக நீதிமன்றம் மே மாதமே சொல்லியிருந்தது. திட்டுவதைவிட அது நன்றாக எடுபட்டது.

குடியேற்றம்தான் கஷ்டமான தலைப்பு. எங்கள் வட்டாரத்தில் வராதவர் யார்? என் அப்பா இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக, கையில் குடும்ப அட்டையோடு வந்தவர். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-இல் பாதிப் பாதியாக்கினார்கள். அப்படி வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் வனத்துறை இங்கே தேயிலை நட்டது. இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம், அதுதான். எங்களை ஊரில் 'சிலோன்காரங்க' என்பார்கள். சேட்டனின் குடும்பம் திருவிதாங்கூரிலிருந்து காடு திருத்த வந்தது. இப்போது தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள்.

ஒரு ஞாயிறு, வடக்கிலிருந்து வருகிறவர்களை 'வந்தேறி' என்று ஒருவர் ஆரம்பித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த, இந்த மண்ணின் பழங்குடியான பணியர் வீட்டுப் பையன் எழுந்து, "அப்ப நீங்க எல்லாம் யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தான். அன்றைக்கு அதற்குமேல் யாரும் பேசவில்லை. அந்த வார்த்தைக்கு எங்களிடம் தடை.

அதற்குப் பதில் என்ன செய்யலாம்? யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர்களைச் சட்டத்தில் உள்ள பெயரால் சொல்லுங்கள். ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர் இந்தியக் குடிமகன். நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை பிரிவு 19-இல் இருக்கிறது. அது குடியேற்றப் பிரச்சினையே இல்லை, கூலிப் பிரச்சினையாக இருக்கலாம். என் அப்பா தாயகம் திரும்பியவர், ஒப்பந்தப்படி குடிமகனானவர். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்து மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்கள் வேறு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை மட்டும் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. இதைப் பிரிக்காமல் பேசினால் யாருக்காக வாதாடுகிறோம் என்றே தெரியாது.

பக்கம் பிரிக்கச் சீட்டு குலுக்குங்கள். பேச வருகிறவர் முதலில் எதிராளியின் வாதத்தைச் சொல்லி, அவரிடம் "ஆமா, அதான் நான் சொன்னது" என்று வாங்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் செக்‌ஷன் 17 நிலம் என்றாலே ரத்தம் கொதிக்கும். ஜன்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவில், குத்தகை நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை அரசு கையில் வைத்துக்கொண்டதால், பட்டா இல்லாமல் மூன்றாம் தலைமுறை ஓடுகிறது. அந்தத் தலைப்பில், பட்டா இல்லாத வீட்டுக்காரர் ஒருவருக்கு வனத்துறைப் பக்கம் சீட்டு விழுந்தது. முகம் சுருங்கிவிட்டது மனிதருக்கு. ஆனால் நிலத்தைக் கொடுத்தால் பெரிய எஸ்டேட்டும் அதே வாசலில் நுழையும் என்ற வாதத்தை அவரைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை.

கடைசியாக, எண்கள். யார் எண் சொன்னாலும் வருடத்தோடு பலகையில் எழுத வேண்டும். தப்பென்று நிரூபித்தால், அடுத்த வாரம் டீயும் வர்க்கியும் எண் சொன்னவர் செலவு. போன மாதம் நான், "5,25,000 பேர் வந்தோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், அது ஒப்பந்தத்தில் எழுதியது. வந்தது அதைவிடக் குறைச்சல்" என்றாள். சரிதான். பிந்தியவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வாரம் முப்பது பேருக்கு வர்க்கி வாங்கினேன்.